உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்புச் சாமான்களை வீட்டுப் பொருட்களைக் கொண்டு மீட்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே, ஒருபுறம் துறைமுகமும் மறுபுறம் இந்தியப் பெருங்கடலும் இருக்கும் பிளஃப் மேட்டில் நான் குடியேறியபோது, ஊரிலிருந்து கப்பலில் வந்த பெட்டியில் ஓர் அரிவாள்மனை, இரண்டு இரும்புத் தோசைக்கல், அப்பாவின் ஸ்பேனர் பெட்டி, கையால் சுற்றும் பழைய தையல் இயந்திரம் ஒன்று ஆகியவை இருந்தன. நான்கு மாதம் கழித்து அலமாரியைத் திறந்து பார்த்தபோது, எல்லாவற்றின் மீதும் யாரோ செம்மண்ணைக் கரைத்துத் தெளித்தாற்போல் இருந்தது. ஆளாளுக்குச் சொன்ன வழிகளை வரிசை இல்லாமல் செய்துபார்த்து, இரண்டு சாமான்களைக் கெடுத்துக்கொண்ட பிறகே எனக்கு ஓர் ஒழுங்கு பிடிபட்டது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக இந்தக் கரைக்கு வந்து, கொண்டுவந்த இரும்பை எடுத்துப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக அந்த ஒழுங்கை இங்கே எழுதுகிறேன். வாளிக்குள் அடங்கும் சாமான்களுக்கு மட்டுமே இது பொருந்தும். வாசற்கதவுக்கும் காரின் அடித்தகட்டுக்கும் வேறு வேலைமுறை வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். துருவைக் கரைப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. பாட்டிலில் இருக்கும் அமிலம் அதைத் தானாகவே செய்துவிடும். சாமானை அமிலத்திலிருந்து வெளியே எடுத்த பிறகு வரும் முதல் அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலானவர்கள் தோற்றுப்போகிறோம். ஆகவே 7-ஆம் படியைப் படிக்காமல் 1-ஆம் படியைத் தொடங்க வேண்டாம்.

1. சாமான் எந்த உலோகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

துரு என்பது இரும்புக்கும் எஃகுக்கும் மட்டுமே வருவது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துச் சாமானின் மீது வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பித்தளையாகவோ செம்பாகவோ அலுமினியமாகவோ சிலவகை எவர்சில்வராகவோ இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கில் பச்சையாகப் படிவது களிம்பு; அதற்குப் புளி போதும், இந்தக் கட்டுரை தேவையில்லை. அலுமினியப் பாத்திரத்தை எந்த அமிலத்திலும் ஊறவைக்கக் கூடாது; பாத்திரமே கரையத் தொடங்கும்.

காந்தம் ஒட்டினால் மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். துத்தநாகப் பூச்சு இட்ட வாளி, கம்பி, ஆணி ஆகியவற்றிலும் காந்தம் ஒட்டும். அவற்றின் மேற்பரப்பு மங்கிய சாம்பல் நிறத்தில், உறைபனிக் கோலம் போன்ற திட்டுகளுடன் இருக்கும். வினிகரில் போட்டால் அந்தப் பூச்சு நுரைத்துக் கரைந்துபோய், அதுவரை துருப்பிடிக்காமல் இருந்த இடமும் அடுத்த வாரம் துருப்பிடிக்கும். எவர்சில்வர் கரண்டியிலும் பால்கனிக் கம்பியிலும் கடலோரத்தில் தேநீர்க் கறை போன்ற பழுப்பு நிறம் படிவதுண்டு. அது மேலோட்டமானது, எலுமிச்சைச்சாறு தொட்ட துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போய்விடும். அதைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், நாரிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேயே தங்கிப் புதுத் துருவாக மாறும்.

வீட்டில் தொடவே கூடாதவை சில உண்டு. எரிவாயு சிலிண்டரும் அதன் ரெகுலேட்டரும் துருப்பிடித்திருந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். வண்டியின் பிரேக் பாகங்கள், ஊஞ்சல் கொக்கி, ஏணியின் மூட்டு என ஆள் பாரத்தைத் தாங்கும் எதுவும் துரு தின்று மெலிந்திருந்தால், துருவை நீக்கியதும் அது பளபளக்குமே தவிர, போன வலிமை திரும்பாது. சுருள்வில்லையும் மிகக் கடினப்படுத்திய போல்ட்டுகளையும் அமிலத்தில் ஊறவைக்காதீர்கள். அமிலம் இரும்பைத் தின்னும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அந்தக் கடின எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். என் தையல் இயந்திரத்தில் நூலை இழுத்துப்பிடிக்கும் சிறு வில் ஒன்று, இரவு முழுதும் வினிகரில் கிடந்து, மறுநாள் மாட்டும்போது விரலுக்கிடையில் தீக்குச்சி போல் ஒடிந்தது.

தைப்பூசக் காவடி நெருங்கும்போது வீட்டில் இருக்கும் பழைய அலகையும் கொக்கிகளையும் எடுத்துத் தேய்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. உடம்பில் குத்தும் எதற்கும் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். துரு போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். அவற்றைச் சுத்தமாக்க வீட்டில் வழியில்லை. புதியது வாங்குங்கள்.

2. கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

துரு நீக்குவதற்கு என்ன ஆவணம் என்று நானும் முதலில் நினைத்தேன். மூன்று இருக்கின்றன.

முதலாவது, உத்தரவாத அட்டையும் வாங்கிய ரசீதும். சைக்கிள், துளையிடும் கருவி, இறைச்சி அரைக்கும் இயந்திரம் போன்றவை இங்கே வாங்கியவை என்றால், கழற்றுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வாங்கியவரே பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல அட்டைகளில் அச்சிட்டிருக்கிறார்கள். காலம் மிச்சம் இருக்குமானால் முதலில் கடைக்காரரிடம் காட்டுவதே லாபம்.

இரண்டாவது, நீங்களே உருவாக்கும் ஆவணம்: கைபேசிப் படங்கள். ஒவ்வொரு திருகையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். திருகுகளை எடுத்த வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போட்டுக்கொண்டே போங்கள். இதைச் செய்யாமல் தையல் இயந்திரத்தைப் பிரித்த நான், மீண்டும் பூட்டி முடித்தபோது மேசையில் இரண்டு திருகுகள் மிஞ்சின. அவை எங்கே சேர்பவை என்று இன்றுவரை தெரியவில்லை. இயந்திரம் என்னவோ ஓடுகிறது.

மூன்றாவது, வினிகர் பாட்டிலின் லேபிள். அதில் அமிலத்தின் விகிதம் போட்டிருக்கும். சமையல் வினிகரில் 4 முதல் 5 சதவீதம் வரை இருப்பது வழக்கம். சுத்தம் செய்வதற்கென்று 10 சதவீத வினிகரும் கடைகளில் கிடைக்கிறது. ஊறவைக்கும் நேரம் இந்த எண்ணைப் பொறுத்தே அமையும் என்பதால், போட்ட நேரத்தையும் இந்த எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாளியின் மேல் ஒட்டிவிடுங்கள். நினைவை நம்பி இறங்கியவன் என்ன ஆனான் என்பதை 6-ஆம் படியில் சொல்கிறேன்.

3. வாங்க வேண்டியவையும் ஆகும் செலவும்

நான் வாங்கியபோது 2 லிட்டர் வெள்ளை வினிகர் 35 ராண்ட், 100 கிராம் சிட்ரிக் அமிலம் 25 ராண்ட், அரைக் கிலோ சமையல் சோடா 40 ராண்ட், கம்பி நார் 20 ராண்ட், ரப்பர் கையுறை 25 ராண்ட் என்று மொத்தம் 145 ராண்ட் ஆயிற்று. தையல் இயந்திர எண்ணெய்க்கு இன்னொரு 45 ராண்ட். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் இது மாறும். ஆனாலும் 200 ராண்டுக்குள் ஒரு வீட்டின் இரும்பு முழுவதையும் முடித்துவிடலாம்.

சிட்ரிக் அமிலம் கேக் செய்யும் பொருட்கள் இருக்கும் தட்டில் கிடைக்கும், அங்கே இல்லையென்றால் மருந்துக்கடையில் கேளுங்கள். வினிகரில் வெள்ளையைத்தான் எடுக்க வேண்டும். இங்கே உருளைக்கிழங்கு வறுவல் மீது ஊற்றும் பழுப்பு வினிகரும் துருவைக் கரைக்கும் என்றாலும், அது தொடக்கத்திலேயே துருநீர் நிறத்தில் இருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. பிளாஸ்டிக் வாளி அல்லது கண்ணாடிப் பாத்திரம் வேண்டும். தகர வாளி, அலுமினியத் தட்டு இரண்டும் ஆகாது. பழைய பல்துலக்கி இரண்டு, கந்தல் துணி நிறைய, பழைய செய்தித்தாள் ஆகியவை வீட்டிலேயே இருக்கும்.

4. நாளைத் தேர்ந்தெடுங்கள்

இந்த ஊரில் இது முக்கியம். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் புழுக்கமும் சேர்ந்திருக்கும். கழுவிய இரும்பு காய்வதற்குள் மீண்டும் சிவக்கும். வடகிழக்குக் காற்று கடலிலிருந்து உப்பைச் சுமந்துகொண்டு வீசும் நாளில் பால்கனியில் எதையும் காயவைக்காதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலத்தில் காற்று உலர்ந்திருக்கும். அதிலும் உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து பெர்க் காற்று வீசும் நாள் அமைந்தால், அன்றைக்கு விடுப்புப் போட்டாவது வேலையை முடித்துவிடலாம். துணி அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும் நாள் அது.

தொடங்கும் முன் இரண்டு வாளித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். நடுவில் குழாய் நின்றுபோனால், அமிலத்தில் பாதி கரைந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கத்தில் குடியிருந்து, குழாய் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓவனில் உலர்த்தப்போகிறீர்கள் என்றால் அன்றைக்கு மின்வெட்டு ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள்

அமிலம் எண்ணெயைத் தாண்டிப் போகாது. பிசுக்கு இருக்கும் இடத்தில் துரு அப்படியே தங்கி, மற்ற இடமெல்லாம் வெளுத்து, சாமான் தேமல் விழுந்ததுபோல் ஆகிவிடும். கொதிக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். உதிரும் நிலையில் இருக்கும் துருவைக் கம்பி நாராலோ உப்புத்தாளாலோ இந்தக் கட்டத்திலேயே தட்டிவிட்டால் பிறகு அமிலமும் நேரமும் மிச்சம். தூள் பறக்காமல் இருக்க ஈரமாக வைத்தே தேய்க்க வேண்டும். பழைய பெயின்ட் இருக்கும் இடத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த இரும்பு கீறினால் டெட்டனஸ் வரும் என்று பயப்படுகிறோம். அந்த நோய்க்கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது, துருவிலிருந்து பிறப்பதல்ல. ஆனால் தோட்டத்தில் கிடந்த மண்வெட்டியில் அந்த மண்ணும் இருக்கும் என்பதால், ஆழமாகக் கிழித்தால் தடுப்பூசி போட்டுக் கொள்ளத்தான் வேண்டும்.

6. எந்தச் சாமானுக்கு எது, எவ்வளவு நேரம்

வினிகர்தான் பொது மருந்து. ஸ்பேனர், குறடு, போல்ட், மறை, கதவுக் கீல் போன்ற தடித்த எஃகுச் சாமான்களை 5 சதவீத வினிகரில் தண்ணீர் கலக்காமல் முழுவதும் மூழ்கும்படி போட்டு, 12 முதல் 24 மணி நேரம் விடலாம். முழுவதும் மூழ்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். என் அரிவாள்மனையைப் பலகையோடு தலைகீழாக நிறுத்தி, அலகின் முக்கால் பங்கு மட்டும் வினிகரில் இருக்கும்படி வைத்துவிட்டு, வேலை நெருக்கடியில் மூன்று நாள் மறந்துபோனேன். அமிலமும் காற்றும் சந்திக்கும் அந்த மேல்மட்டத்தில் அலகின் குறுக்கே பென்சிலால் அழுத்திக் கீறியதுபோல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மூழ்கியிருந்த பகுதி கறுஞ்சாம்பலாகி, கூர் மழுங்கி, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்த பிறகு காய் நறுக்குகிறது, ஆனால் அந்தக் கோடு போகவில்லை.

பலகையிலிருந்து கழற்ற முடியாத அலகுக்கு வேறு வழி இருக்கிறது. பழைய பருத்தித் துணியை வினிகரில் நனைத்து அலகின் மீது இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி, இரண்டு மணிக்கொருமுறை பிரித்துப் பார்த்துத் தேய்த்து மீண்டும் நனைத்துச் சுற்றுங்கள். நான்கைந்து மணியில் வேலை முடிந்துவிடும், பலகையும் ஊறாது. தேங்காய் துருவும் பற்களின் இடுக்கில் மட்டும் பல்துலக்கி போக வேண்டியிருக்கும்.

வார்ப்பிரும்புக்கு இவ்வளவு நேரம் கூடாது. இந்த நாட்டில் விறகடுப்பில் வைக்கும் மூன்று கால் வார்ப்பிரும்புப் பானையைப் போய்க்கி என்பார்கள். பழைய சாமான் விற்கும் இடங்களில் துருவோடு மலிவாகக் கிடைக்கும், நம் வீட்டுப் பருப்புக்கும் பிரியாணிக்கும் அதைப்போல் ஒன்று அமையாது. வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து அதில் மூழ்கவைத்து, அரை மணிக்கொருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு விரலுக்கு வழுக்கிக்கொண்டு வரத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். எவ்வளவு மோசமான பானையாக இருந்தாலும் 8 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். துரு கரைந்து முடிந்ததும் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், காலையில் தொடங்குங்கள்.

சிட்ரிக் அமிலம் வேகமானது, வாடையில்லாதது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் என்ற அளவில் கரைத்தால் சிறு சாமான்களுக்கு 2 மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆழ்ந்த துருவுக்கு 10, 12 மணி ஆகலாம். சமையலறைக் கத்தி, தாளிப்புக் கரண்டி, பணியாரக்கல்லின் குழிகள் ஆகியவற்றுக்கு நான் இதையே விரும்புகிறேன். வினிகர் வாடை அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து வதைக்கும் என்பது இன்னொரு காரணம்.

தோசைக்கல்லில் மெல்லிய செந்தூள் படிந்திருந்தால் இவை எதுவும் வேண்டாம். நெல்லிக்காயளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கல்லின்மேல் பரப்பி, ஒரு மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் வட்டமாகத் தேயுங்கள். நீர் மையைப் போல் கறுத்து ஓடும், அது இரும்பும் புளியும் சேர்ந்த நிறம். அம்மா காலத்துப் புளித்த கழுநீரும் இலேசான துருவுக்குப் பயன்படும். எலுமிச்சையும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பதைப் பலர் சொல்வார்கள்; வேலை செய்யும், ஆனால் இடுக்கில் தங்கும் உப்பு மறுபடியும் துருவை அழைத்துவரும். கடலோரத்தில் போதிய உப்பைக் காற்றே கொடுக்கிறது, நாமும் கொடுக்க வேண்டாம். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டித் தேய்ப்பதில் எனக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை. கோலா பானத்தில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் சிறு திருகுகளின் துரு போகும். ஆனால் அந்தக் காசுக்கு வாங்கும் வினிகர் அதிகம், சர்க்கரைப் பிசுபிசுப்பையும் தனியாகக் கழுவ வேண்டும், எறும்பும் வரும்.

பொறுமையும் கொல்லைப்புறமும் உள்ளவர்களுக்கு இந்தக் கரும்பு மாகாணத்தில் நல்லதொரு வழி உண்டு. மொலாசஸ் எனப்படும் கரும்புக் கழிவுப்பாகு மாட்டுத்தீவனம் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, சாமானைப் போட்டு ஒன்று முதல் மூன்று வாரம் விட்டால், துருவை மட்டும் உருவி எடுத்துவிட்டு நல்ல இரும்பைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். நுணுக்கமான பற்சக்கரங்களுக்கு இதைவிட மெதுவான, பதமான முறை எனக்குத் தெரியாது. கோடையில் அது புளித்து நாறும், ஈ மொய்க்கும். மூடி போட்டு வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பாகங்களை இதிலும் போடக் கூடாது.

ஊறும் பாத்திரத்தின் மூடியை இறுக்கமாகத் திருகாதீர்கள். உள்ளே வாயு உண்டாகும். எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை ஒன்று: கழிப்பறைக்கு ஊற்றும் ஜிக் போன்ற வெளுப்புத் திரவத்தை வினிகரோடோ சிட்ரிக் அமிலத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். அந்தத் திரவத்தைத் தனியாக இரும்பின் மீது ஊற்றினாலும் துரு போகாது, கூடும்.

7. முதல் அரை மணி நேரம்

அமிலத்திலிருந்து வரும் இரும்பு தோலுரித்த உடம்பைப் போன்றது. எண்ணெயும் இல்லை, பூச்சும் இல்லை, ஈரமும் காற்றும் இருக்கின்றன. என் முதல் ஸ்பேனரை வெள்ளியாக மின்ன எடுத்து, குழாயில் அலம்பி, செய்தித்தாள் மீது வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது அதன் மீது ஆரஞ்சுப் பொடி பூத்திருந்தது. விரலால் தொட்டால் மஞ்சள்தூள் போல் ஒட்டியது.

அதனால் தேவையான எல்லாவற்றையும் முதலில் பரப்பி வைத்துவிட்டே கையை அமிலத்துக்குள் விடுங்கள். ஒரு வாளியில் நல்ல தண்ணீர், இன்னொரு வாளியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் சமையல் சோடா கரைத்த தண்ணீர், பக்கத்தில் நான்கைந்து உலர்ந்த துணி, எரியும் அடுப்பு அல்லது 100 டிகிரியில் சூடாகிக்கொண்டிருக்கும் ஓவன், திறந்து வைத்த எண்ணெய். ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் எடுங்கள். மற்றவை அமிலத்திலேயே காத்திருக்கட்டும்.

எடுத்ததும் நல்ல தண்ணீரில் பல்துலக்கியால் தேய்த்துக் கறுப்புக் கசடை நீக்குங்கள். பிறகு சோடாத் தண்ணீரில் முக்குங்கள். பொறுபொறுவென்று நுரைப்பது நின்றால் அமிலம் அடங்கிவிட்டது என்று பொருள். மறைகளிலும் துளைகளிலும் நுரை கடைசிவரை வந்துகொண்டிருக்கும், அங்கே அவசரப்படாதீர்கள். அதன்பிறகு மீண்டும் நல்ல தண்ணீர். அது வெந்நீராக இருந்தால் சாமானே சூடேறி விரைவில் உலரும். துணியால் துடைத்த கையோடு அடுப்பின் சிறு தீயிலோ ஓவனிலோ 15, 20 நிமிடம் வையுங்கள். மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி இருந்தால் முடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்துங்கள். வெயிலில் காயட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நான்கு மணிக்குக் காற்று திரும்பினால் கதை முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மெல்லிய ஆரஞ்சுத் தூள் பூத்தால் பதற வேண்டாம். எண்ணெய் தொட்ட கம்பி நாரால் துடைத்தால் அது வந்துவிடும். மறுபடியும் அமிலத்தில் போட வேண்டியதில்லை.

8. சூடு ஆறுவதற்குள் எண்ணெய்

சாமான் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே எண்ணெயிட வேண்டும். எந்த எண்ணெய் என்பதில்தான் என் இரண்டாவது தவறு. சமையலறையில் இருந்த சூரியகாந்தி எண்ணெயைத் தையல் இயந்திரத்தின் எல்லாப் பாகங்களிலும் தாராளமாக விட்டேன். இரண்டு மாதத்தில் அது காற்றோடு சேர்ந்து கெட்டிப்பட்டுப் பலாப்பால் போலாகி, சக்கரம் சுழலவே மறுத்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. உருளும், உராயும் பாகங்களுக்கு இயந்திர எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் இங்கே பாட்டிலிலேயே உறைந்துவிடும், ஆகவே அதுவும் இயந்திரத்துக்கு ஆகாது. இங்குள்ள எல்லா வீடுகளிலும் இருக்கும் கியூ20 தெளிப்பான் ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் அது மெல்லிய படலம், மாதக்கணக்கில் காப்பாற்றும் என்று நம்பி ஸ்பேனரைப் பெட்டியில் பூட்டாதீர்கள். மேலே எண்ணெயோ கிரீஸோ ஒரு பூச்சு வேண்டும்.

உணவு படும் சாமான்களுக்கு இயந்திர எண்ணெய், கியூ20, கிரீஸ் எதுவும் கூடாது, சமையல் எண்ணெய்தான். இயந்திரத்தைக் கெடுத்த அதே கெட்டிப்படும் குணம் தோசைக்கல்லுக்கு நன்மையாகிறது. கல்லை அடுப்பில் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியால் தடவி, எண்ணெயே தடவவில்லையோ என்று தோன்றும் அளவுக்கு அதைத் துடைத்தெடுத்து, புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை மூன்று முறையாவது செய்ய வேண்டும். எண்ணெய் தடிமனாக இருந்தால் பிசுபிசுத்த திட்டுகளாக உறையும், தோசை அதில் ஒட்டும். கடைசியாக அரை வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துச் சூடான கல்லில் தேயுங்கள். முதல் இரண்டு தோசைகள் சாம்பல் நிறத்தில் வரும். அவற்றைச் சாப்பிட வேண்டாம். போய்க்கிப் பானையாக இருந்தால் ஓவனில் கவிழ்த்து வைத்து, சுமார் 220 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு உள்ளேயே ஆறவிட்டு மீண்டும் எண்ணெய் என்று மூன்று நான்கு சுற்று செய்யுங்கள். சன்னல்களைத் திறந்து வைக்காவிட்டால் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும்.

9. மிஞ்சிய நீரை என்ன செய்வது

பழுப்பாகிவிட்ட வினிகரில் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு நுரை நின்றபின், நிறையத் தண்ணீரோடு சமையலறைத் தொட்டியில் ஊற்றலாம். தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள், அது நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. சிமென்ட் தரையிலும் வெள்ளைத் தொட்டியிலும் இந்த நீர் சிந்தினால் துருக்கறை விழும், வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் வைப்புத்தொகையை நினைத்துக்கொண்டு கீழே பிளாஸ்டிக் விரித்துக்கொள்ளுங்கள். மொலாசஸ் நீரை மரத்தடி மண்ணில் ஊற்றிவிடலாம்.

10. எடுத்து வைக்கும் முறை

ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மருந்துப் புட்டிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் அதில் போட்டுவையுங்கள். அட்டைப்பெட்டியில் வைக்காதீர்கள், அட்டை ஈரத்தை உறிஞ்சிச் சாமானுக்குக் கொடுக்கும். அரிவாள்மனையை நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி, கடலைப் பார்க்காத பக்கத்து அலமாரியில் வைக்கிறேன். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையும் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவ எனக்கு ஆகும் நேரம் இருபது நிமிடம். சிவப்புப் புள்ளி ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே புளியை ஊறப்போடுகிறேன்.